ஒன்பதாவது சுவரின் விடுமுறை

அத்தியாயம் 17

சுரங்கத் தொழிலாளர்களைக் காக்கும் புனித பார்பராவின் திருநாளன்று காலை ஆறு மணிக்கு மேல் அந்த ஊரில் யாரும் தூங்க முடியாது. தூங்கினால் சுரங்கத்தின் பேண்டு வாத்தியக் குழு விடாது. சிவப்பு இறகு வைத்த தொப்பிகளோடு தெருத்தெருவாக வந்து, ஜன்னல் கண்ணாடி அதிர ஊதிவிட்டுத்தான் போவார்கள். திட்டிக்கொண்டே எழுந்து வந்து ஒரு குவளை நீட்டாத வீடு கிடையாது.

சபினா அந்தச் சத்தத்தை இந்த வருஷம் மூடிய ஜன்னல் வழியாகத்தான் கேட்டாள். எமிலியா என்ற அந்தச் சுரங்கத்தின் மேல்தளத்தில், வாயு கண்காணிப்பு அறையில், தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். பண்டிகை நாள் வேலை அவள் கேட்டு வாங்கியது. கூட வேலை செய்கிறவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, போய்விட்டு வரட்டும் என்று விட்டுக்கொடுத்தாள்.

அவள் மனசும் நிறைந்துதான் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் நகர மன்றத்தில் அவள் பேசிய பேச்சை ஊர் இன்னும் மறக்கவில்லை.

அரசாங்கம் புதிய விதி கொண்டுவருகிறது. இப்போது சுரங்கக் காற்றில், பொறி பட்டால் வெடிக்கும் மீத்தேன் வாயு இரண்டு சதவீதம் ஆனால் மின்சாரம் தானாக நிற்கும். இனி ஒன்றரையிலேயே நிற்க வேண்டும், அதை அளக்கும் சென்சார்களைப் பூட்டிய கூண்டில் வைக்க வேண்டும் என்கிறார்கள். இந்த வாயு மேலே போய் வானத்தையும் கெடுக்கிறது என்று தலைநகரத்திலிருந்து வந்த அதிகாரி அம்மாள் படம் போட்டு விளக்கினாள். மன்றத்தில் ஒரே கூச்சல்.

அப்போதுதான் சபினா எழுந்தாள். "பன்னிரண்டு வருஷமா வாயு அளவைக் காட்டற அந்தக் கோட்டுக்கு முன்னாடி நான் உட்கார்ந்திருக்கேன். செப்டம்பர்ல காற்றோட்டத்தைச் சரிபண்ணினதுலேர்ந்து எங்க ஒன்பதாவது சுவர் முக்கால் சதவீதத்தைத் தாண்டினதே இல்ல. கூண்டு போடறது திருடனுக்கு. எங்களுக்கு எதுக்கு?"

மன்றம் எழுந்து நின்று கை தட்டியது. தொழிற்சங்கத் தலைவரான அவள் அப்பா ஆஹிம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் அதையே அவள் சத்தியப் பிரமாணத்தோடு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காகிதம் அடுத்த புதன்கிழமை நாடாளுமன்றக் குழுவின் முன்னால் வாசிக்கப்படப் போகிறது.

ஏழு மணி ஆயிற்று. கீழே ஒரு ஈ காக்கை இல்லை. எழுநூறு மீட்டர் ஆழத்தில் நிலக்கரி வெட்டும் அந்த நீண்ட முகப்பு, அங்கே எல்லோரும் சுவர் என்று சொல்வது, வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் முழுசாக ஓய்கிறது. ஞாயிற்றுக்கிழமைகூடப் பழுது பார்க்க நாலு பேராவது இறங்குவார்கள். இன்று எல்லோரும் கோயிலில்.

ஏழேகாலுக்கு ஒன்பதாவது சுவரின் கோடு மேலே ஏறத் தொடங்கியது.

சபினா முதலில் கவனிக்கவில்லை. காபி போட்டுக்கொண்டு திரும்பியபோது 0.9 என்று காட்டியது. உட்கார்வதற்குள் 1.1.

வெட்டு நடக்காத நாளில் வாயு குறையத்தான் வேண்டும். கரியை உடைக்கும்போதுதானே அதற்குள் இருப்பது வெளியே வரும்? மழைக்கு முன் காற்றழுத்தம் விழுந்தால் கொஞ்சம் ஏறும், அதுவும் உண்டு. அவள் அழுத்தமானியைப் பார்த்தாள். நேற்று மாலையிலிருந்து அது அசையவில்லை. காற்றை இழுக்கும் பெரிய மின்விசிறிகள் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

1.4. 1.6. எட்டு மணிக்கு 1.7ல் போய் நின்றது. அங்கேயே நின்றது.

சென்சார் கெட்டுப்போயிருக்கும் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைக்கத்தான் அவளுக்கு ஆசையாக இருந்தது. பதிவேட்டைத் திறந்தாள். அன்றைய தேதியில் ஒரே ஒரு வரி இருந்தது: காலை ஏழு மணி, கம்ப்ரஸர் நிறுத்தம், வருடாந்திரப் பராமரிப்பு.

கீழே உள்ள கருவிகளுக்கெல்லாம் அழுத்தக் காற்று அனுப்பும் கம்ப்ரஸர்கள் அவை. வருஷத்துக்கு ஒரே ஒரு நாள், பார்பரா அன்றுதான், அவற்றையும் நிறுத்துவார்கள். அந்தக் காற்றுக்கும் மீத்தேனுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இருக்கக் கூடாது.

அவள் கம்ப்ரஸர் கொட்டகைக்குப் போன் போட்டாள். கிழவர் ஹூபெர்ட் எடுத்தார்.

"கடவுள் துணை. யாரு?"

"சபினா. ஒரு உதவி. ஒரே ஒரு மெஷினைப் பத்து நிமிஷம் ஓட்டுங்களேன்."

"ஏம்மா, எண்ணெயை இப்பதான் மாத்திட்டு உட்கார்ந்தேன். ஊரெல்லாம் பீரும் சாசேஜுமா இருக்கு, நீ என்னை வேலை வாங்கறியே! யாரோட உத்தரவு?"

"நான் கேக்கறேன். பத்தே நிமிஷம்."

"உங்க அப்பனுக்கு இன்னிக்கு மேடையில மரியாதைக்கு வாள் குடுக்கறாங்களாமே. அந்த வாளால என்னை வெட்டிட்டுப் போகச் சொல்லு." முனகிக்கொண்டே போனார்.

சற்று நேரத்தில் கோடு இறங்கியது. 1.3. 0.8. 0.6ல் வந்து, தினமும் படுத்துக் கிடக்கும் இடத்தில் நல்ல பிள்ளையாகப் படுத்துக்கொண்டது.

"நிறுத்திடுங்க," என்றாள் போனில்.

மறுபடியும் ஏறியது. 1.7.

இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. யாரோ அழுத்தக் காற்றுக் குழாய் ஒன்றை இழுத்து வந்து சென்சாரின் மூக்கிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். சுவர் என்ன மூச்சு விட்டாலும் சென்சாருக்குச் சுத்தக் காற்றுதான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள், பார்பரா அன்று கம்ப்ரஸரும் விடுமுறை எடுக்கும் என்பதை மட்டும் மறந்துவிட்டு, மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

சபினா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சும்மா கிடக்கிற சுவரே 1.7 என்றால், வெட்டும்போது எவ்வளவு? அந்தச் சுவரில் ஒரு ஷிப்டுக்கு முப்பத்திரண்டு பேர். அதில் அவள் தம்பி ரைமுந்த் ஒருவன், அந்தச் சுவரின் மேற்பார்வையாளன். அவள் கணவன் எர்வின் ஒருவன்.

நாளைக் காலை ஆறு மணிக்கு எல்லோரும் மறுபடி இறங்குவார்கள்.

*

பத்தரைக்கு ரைமுந்த் வந்தான். பித்தளைப் பொத்தான் மின்னும் கறுப்புச் சீருடை, கறுப்பு இறகுத் தொப்பி, கையில் காகிதத்தில் சுற்றிய பாலாடைக்கட்டிக் கேக்.

"அம்மா குடுத்தாங்க. அக்கா, நீ வந்திருக்கணும்! சுரங்க இயக்குநரே அப்பாவோட கையைப் பிடிச்சு வாளைக் குடுத்தாரு. அப்பா அழுதுட்டாரு. என்ன அவசரம்னு கூப்பிட்டே?"

அவள் திரையைக் காட்டினாள்.

அவன் பார்த்தான். கேக்கை மேஜையில் வைத்தான். தொப்பியைக் கழற்றினான்.

"அழுத்தம் விழுந்திருக்கும்," என்றான்.

"விழல."

"சென்சார் போயிடுச்சு போல."

"கம்ப்ரஸர் ஓடினா சரியாயிடுது. நின்னா போயிடுது. ஹூபெர்ட்டை விட்டு ஓட்டிப் பார்த்துட்டேன், ரைமுந்த்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். சின்ன வயசில் ஜன்னலை உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே முகம். அப்போதெல்லாம் அவள்தான் அவனுக்காகப் பொய் சொல்லுவாள்.

"எப்பலேர்ந்து?"

"செப்டம்பர்லேர்ந்து." குரல் கீழே போயிற்று. "பழைய விதிக்கே சுவர் ஷிப்டுக்கு அஞ்சு தடவை நின்னுச்சு, அக்கா. நின்னா திரும்ப ஓட வைக்க முக்கால் மணி. மேலேர்ந்து ஒரே திட்டு. இந்தச் சுவர் ஓடலேன்னா சுரங்கமே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மூட ஒரு சாக்கு தேடிட்டிருக்கான் ஒவ்வொருத்தனும்."

"நான் மன்றத்துல பேசினேனே. முக்கால் சதவீதம்னு."

"தெரியும்."

"நீ மூணாவது வரிசையில உட்கார்ந்திருந்தே. கை தட்டினே."

அவன் கேக் சுற்றிய காகிதத்தின் மடிப்பை நீவினான்.

"நான் பேசறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வாயை மூடிட்டு உட்கார்ந்திருப்பேனே."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னாங்க." அவன் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாங்க யார் எழுந்து பேசினாலும் அந்த அதிகாரியம்மா முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பா. நீ பேசினா நம்புவா. ஏன்னா நீ நம்பித்தான் பேசினே."

 அன்றைக்கு எழுந்து நின்ற மன்றத்தைச் சபினா நினைத்துப் பார்த்தாள். முன்வரிசை முழுக்க ஒன்பதாவது சுவர் ஆட்கள். அந்தக் கைகள் அத்தனையும் அவளைப் பாராட்டித் தட்டியவை என்று மூன்று வாரமாக நம்பிக்கொண்டிருந்தாள். ஏமாளி ஒருத்தி அழகாகப் பேசுகிறாள் என்று தட்டியிருக்கிறார்கள்.

"யார் சொன்னது, எனக்குத் தெரியக் கூடாதுன்னு?"

"அக்கா, வேண்டாம்."

"யாரு?"

"அப்பா."

வெளியே பேண்டு வாத்தியம் சுரங்க வாசலைக் கடந்து போனது. 

"கட்டினது யாரு?" என்றாள்.

"அதெல்லாம்... எல்லாரும்தான்னு வெச்சுக்கோயேன்." அவன் பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "ஒரே ஒரு வரி எழுது. சென்சார் பழுது, பரிசோதனையில் உள்ளதுன்னு. சாயங்காலம் நானே இறங்கி அந்தக் குழாயை எடுத்துடறேன். சத்தியமா."

"எடுத்தா சுவர் நிக்குமே."

"நிக்கும்."

"அப்ப நாளன்னிக்குத் திரும்பக் கட்டுவே."

ரைமுந்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் இறகைத் தடவினான்.  சபினா பதிவேட்டில் எழுதினாள். அவன் எட்டிப் பார்த்தான். எட்டு மணி, 1.7, கம்ப்ரஸர் நிறுத்தத்தில் மட்டும். அவ்வளவுதான் எழுதினாள். பிறகு காலையிலிருந்து ஓடிய கோட்டை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். காற்றோட்டத் துறைத் தலைவருக்கு மூன்று முறை போன் செய்தாள். விருந்துச் சத்தத்துக்கு நடுவே ஒரு முறை எடுத்து, "பண்டிகையும் அதுவுமா ஏம்மா, சென்சார் பழுதுன்னு எழுதிட்டுப் போயேன்," என்றார். ஆக, அவருக்கும் தெரியும்.

*

இரண்டு மணிக்கு அடுத்த ஆளிடம் அறையை ஒப்படைத்துவிட்டுப் போனாள். இரண்டரை மணிக்கு அப்பா வீட்டில் பந்தி. மாட்டிறைச்சிச் சுருள், சிவப்பு முட்டைக்கோஸ், நடுவில் குழி அமுக்கிய உருளைக்கிழங்கு உருண்டைகள். அந்தக் குழியில் குழம்பை ஊற்றுவதற்கு அம்மா லூஸியா கரண்டியோடு நின்றிருந்தாள். புது வாள் அலமாரி மேலே வெல்வெட் துணியில் கிடந்தது. எர்வின் அவளுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டான். காலையிலிருந்து அவளைப் பார்க்காத கணவனின் சிரிப்பு அவன் முகத்தில் இருந்தது.

"களைச்சுப்போயிருக்கே," என்றான் மெதுவாக.

இந்த மேஜையில் இவன் ஒருத்தனாவது நம் பக்கம் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள்.

அச்செடுத்த தாளை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள்.

ஆஹிமுக்கு அதைப் படிக்கக் கண்ணாடி தேவைப்படவில்லை. முப்பத்தோரு வருஷம் கீழே வேலை செய்தவர். ரைமுந்தை ஒரு முறை பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சாப்பிட்டுட்டுப் பேசுவோம்," என்றார்.

"சாப்பிடும்போது சண்டை வேண்டாம், குழம்பு ஆறிடும்," என்றாள் லூஸியா.

"இப்பவே பேசணும்ப்பா. என்னை ஏன் பேச விட்டீங்க?"

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார். "சரி, கேளு. பக்கத்து ஊர்ச் சுரங்கத்தை மூடினாங்களே, ஞாபகம் இருக்கா? முதல்ல சுரங்கம், அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் ரொட்டிக் கடை. இப்ப அங்க மருந்துக் கடையும் சாராயக் கடையும்தான் மிச்சம். ஒன்றரைன்னு விதி வந்தா ஒன்பதாவது சுவர் ஓடாது. இந்த ஊரும் அப்படி ஆகும். ரெண்டாயிரம் குடும்பம்மா."

"அதனால?"

"அதனால என்னவா? நம்ம கரியை நிறுத்திட்டு, கப்பல்ல வேற நாட்டுக் கரி கொண்டு வருவாங்க. அங்க எவன் செத்து வெட்டறான்னு அந்தம்மா படம் போட்டுக் காட்டினாளா? விதியாம் விதி! நாங்கெல்லாம் ரெண்டரையில பாட்டுப் பாடிக்கிட்டு வெட்டியிருக்கோம்."

"பாட்டுப் பாடினவங்க எல்லாரும் மேல வந்தாங்களாப்பா?"

லூஸியாவின் கரண்டி தட்டில் இடித்தது. ஆஹிமின் கூடப்பிறந்தவர் கெர்ஹார்ட் மேலே வரவில்லை. அந்த வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை. சொன்னதற்காகச் சபினா வருந்தினாள், ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"விதி தப்புன்னா தப்புன்னு சண்டை போடுங்க," என்றாள். "நானும் போட்டேனே! நிஜக் கோட்டைக் கையில வெச்சுக்கிட்டு, இப்படித்தான் இருக்கு, வாயுவை உறிஞ்சற குழாய் போட ஆறு மாசம் குடு, உதவி குடுன்னு கேட்டிருக்கலாமே. நீங்க என்ன பண்ணினீங்க? பொய்க் கோட்டை என் கையில குடுத்து, பெத்த பொண்ணோட வாயால பொய் சொல்ல வெச்சீங்க. புதன்கிழமை அதை அங்க வாசிக்கப் போறாங்க. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, முப்பத்திரண்டு வீட்டுக்கும் நான் என்ன பதில் சொல்றது?"

"ஒண்ணும் ஆகாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அளக்கற கருவியைத்தான் கட்டி வெச்சிருக்கீங்களே!"

 சபினா பையிலிருந்து போனை எடுத்தாள். "சுரங்கப் பாதுகாப்பு அலுவலகத்துல பண்டிகையானாலும் ஒரு ஆள் இருப்பாங்க. நாளைக்கு ஆறு மணிக்கு அந்தச் சுவர் ஓடக் கூடாது. நான் சொல்லப் போறேன்."

"அக்கா!" என்று ரைமுந்த் எழுந்தான்.

"விடு, சொல்லட்டும்." ஆஹிமின் முகம் இறுகிப்போயிருந்தது. கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தாழும். "தாராளமா சொல்லும்மா. என் பேரைச் சொல்லு, உன் தம்பி பேரைச் சொல்லு. ஆனா பாதியில நிறுத்தாதே. குழாயைக் கட்டினவன் பேரையும் சேர்த்துச் சொல்லு. ஜெயிலுக்குப் போகப்போறவன் அவன்தானே." அவர் மேஜையின் மறுபக்கம் திரும்பினார். "என்ன மாப்பிள்ளை, இன்னுமா நீ அவகிட்ட சொல்லல?"

சபினா பக்கத்தில் திரும்பினாள்.

எர்வின் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். சுவரின் மின்பணியாளன் அவன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒன்பதாவது சுவரின் சென்சாரைக் கழற்றிச் சோதித்துச் சரியாக இருக்கிறது என்று சீட்டு எழுதுகிறவன். அந்தச் சீட்டு அவள் மேஜைக்குத்தான் வரும். அவன் கையெழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்துப் போடுவாள். அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட அவளுக்கு இருந்தது.

செப்டம்பரிலிருந்து ஆறு சீட்டு. அவள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

"எர்வின்," என்றாள்.

"உன்னைக் கஷ்டப்படுத்த வேண்டாம்னுதான்," என்றான் அவன். "தெரியாம இருந்தா நீ நிம்மதியா இருப்பேன்னு..."

"மன்றத்துலேர்ந்து வீட்டுக்கு நடந்து வந்தோமே. என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தே. உன்னை நினைச்சாப் பெருமையா இருக்குன்னு சொன்னியே."

"பெருமையாத்தான் இருந்துச்சு."

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் பொய் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. அப்பா செய்தது வஞ்சகம், தம்பி செய்தது கோழைத்தனம். இவனோ தினமும் பக்கத்தில் படுத்து, நன்றாகத் தூங்கியிருக்கிறான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். மூன்றாவது முறை மணி அடித்ததும் ஒரு பெண் எடுத்தாள்.

"என் பேரு சபினா. எமிலியா சுரங்கம், வாயு கண்காணிப்பு அறை. முதல்ல இதை எழுதிக்குங்க. நாடாளுமன்றக் குழுவுக்கு நான் எழுதிக் குடுத்தது உண்மையில்ல. ஒன்பதாவது சுவர் சென்சார்ல காற்றுக் குழாயைக் கட்டியிருக்காங்க. நிஜ அளவு ஒண்ணு புள்ளி ஏழு. காலையில ஆறு மணிக்கு ஆளுங்க இறங்கறதுக்கு முன்னாடி யாராவது வரணும்."

மறுமுனையில் எழுதும் சத்தம் கேட்டது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அம்மா கரண்டியை இன்னும் கீழே வைக்கவில்லை.

"வர்றோம். இன்னிக்கே வர்றோம்," என்றாள் அந்தப் பெண். "குழாயைக் கட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, மேடம்?"

அறையில் எல்லோருக்கும் அது கேட்டது.

எர்வின் அவள் பக்கம் கையை நீட்டினான், போனுக்காக. "குடு," என்றான்.

பதினோரு வருஷம் அந்தக் கையோடு வாழ்ந்தவள். அது உண்மையைச் சொல்வதற்காக நீள்கிறதா, பேச்சை அறுப்பதற்காக நீள்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்று காலையில் கேட்டிருந்தால் தெரியும் என்றிருப்பாள்.

அவள் போனைக் கொடுக்கவில்லை.

"தெரியும்," என்றாள்.